நாக்குல ஒரு எட்டணா

ராத்திரி ரெண்டே முக்கால். ஹாஸ்டல் ரூமில் ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்து, துண்டால் நாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆமா... நாக்கைத்தான்!

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ரூம்மேட் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். எங்க செட்டில் அவனுக்குப் பேர் ஓமப்பொடி. ஆளைப் பார்த்தா ஏன்னு கேட்கமாட்டீங்க.

"மாப்ள, என்னடா பண்ற?"

"வாய் கசக்குதுடா."

"பல்லு வெளக்குடா."

"அஞ்சு தடவ வெளக்கிட்டேன்டா."

கொஞ்ச நேரம் சீரியஸா யோசிச்சான். "அப்ப நாக்கக் கழட்டி டேபிள்ல வச்சுட்டுத் தூங்கு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

இது நடந்தது 2023 ஆகஸ்ட்டில். நான் அப்போ திருச்சியில் எம்.எஸ்சி கெமிஸ்ட்ரி முதல் வருஷம். காலையில் டீயும் ரெண்டு வடையும். மதியம் மெஸ் சோறு. ராத்திரி பதினோரு மணிக்கு ரோட்டுக்கடை பரோட்டா. இதுதான் என் டயட் சார்ட். ஒரு மாசமா வயிறு காலியா இருந்தால் போதும், நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ சிகரெட்டால் சுடற மாதிரி ஒரு வலி. ரெண்டு பிஸ்கட் போட்டா அடங்கும். பிஸ்கட் கம்பெனி என்னால வாழ்ந்துச்சு.

கடைசியில் ஒரு நாள் பிராக்டிக்கலில் பியூரெட்டைப் பிடிச்சுக்கிட்டே மடங்கி உட்கார்ந்துட்டேன். டாக்டர் எண்டோஸ்கோப்பி எழுதினார். வாய் வழியா கேமராக் குழாயை விட்ட அந்த அனுபவம் தனிக் கதை, இன்னொரு வாரம் சொல்றேன். விஷயம் என்னன்னா, வயித்துக்குள்ளே சின்னதா ஒரு புண். காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு கிருமி. பாவம், பரோட்டாவைத் திட்டாதீங்க. இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயசுலேயே தொத்திக்குமாம். நம்ம நாட்டுல பாதிப் பேருக்கு மேல வயித்துல இது குடித்தனம் நடத்துது. முக்கால்வாசிப் பேருக்கு ஒரு தொந்தரவும் தராது. என்னை மாதிரி ராசிக்காரங்களுக்கு மட்டும் வாடகை கேட்கும்.

டெஸ்ட்டைப் பார்த்ததும் எனக்குள்ளே இருந்த கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட் முழிச்சுக்கிட்டான். வயித்துச் சதையில் கிள்ளி எடுத்த ஒரு துணுக்கை மஞ்சள் கலர் ஜெல்லில் போடுறாங்க. கிருமி இருந்தா அது யூரியாவை உடைச்சு அமோனியா ஆக்கும். அமோனியா காரம், அதனால இண்டிகேட்டர் கலர் மாறும். மஞ்சள் அப்படியே ரோஸ் ஆச்சு. லேப்ல எனக்கு ஒழுங்கா வராத எண்ட் பாயின்ட், என் வயித்துக்கு மட்டும் கரெக்டா வந்துச்சு!

அல்சர்னாலே டென்ஷன், காரம், ஆசிட்னு உலகமே நம்பிக்கிட்டு இருந்த காலத்துல, ஆஸ்திரேலியாவுல பாரி மார்ஷல்னு ஒரு டாக்டர் 'இல்லை, இது கிருமி வேலை'ன்னார். யாரும் நம்பலை. மனுஷன் 1984-ல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே எடுத்துக் குடிச்சுட்டார். சில நாளில் வாந்தி, வாய் நாத்தம், வயித்துல அழற்சி, எல்லாம் ஆஜர். 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைச்சது. நான் சொன்னதைக் கேட்ட ஓமப்பொடி, "நம்ம மெஸ் சாம்பார ரெண்டு வருஷமாக் குடிக்கிறோம், நமக்கு யாரு மாப்ள நோபல் குடுப்பா?" என்றான்.

வைத்தியம் பதினாலு நாள். காலையில் மூணு, ராத்திரி மூணு. ஆசிட்டைக் குறைக்க ஒண்ணு, கிருமியைக் கொல்ல ரெண்டு ஆன்டிபயாடிக். சீட்டைக் கொடுக்கும்போது டாக்டர் சொன்னார்: "வாய் கொஞ்சம் கசக்கும் தம்பி. நடுவுல மட்டும் நிறுத்திடாத."

'கொஞ்சம்'ங்கற வார்த்தையை நம்பி நான் இவ்வளவு ஏமாந்ததே இல்லை.

முதல் டோஸ் போட்ட ரெண்டு மணி நேரத்தில் ஆரம்பிச்சது. சின்ன வயசுல ரேடியோவுக்குப் போடற சதுர பேட்டரியை நாக்குல வச்சுப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். சுரீர்னு ஒரு உலோகக் கசப்பு ஏறும் பாருங்க... அதுல கொஞ்சம் பாகற்காய்ச் சாறு, கொஞ்சம் துருப்பிடிச்ச ஆணி சேர்த்துக்கங்க. பேட்டரியையாவது வாயில இருந்து எடுத்துடலாம். இது போகாது. நாக்கோட அடியில, தொண்டையோட ஆரம்பத்துல, கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கும். தண்ணி குடிச்சா தண்ணி கசக்கும். இட்லி கசக்கும். மெஸ் காபி எப்பவும் கசாயம்தான், அதைப் பத்திப் பேச்சே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒருத்தன் ஊர்லேர்ந்து பால்கோவா கொண்டு வந்திருந்தான். ஆசையா ஒரு வாய் போட்டேன். சோப்பு! மொத்த ஹாஸ்டலும் அடிச்சுப் பிடுங்கித் தின்ற பால்கோவாவை நான் மட்டும் துப்பிட்டு வந்தேன்.

பல் விளக்கினா ஏன் போகமாட்டேங்குதுன்னு தேடிப் படிச்சேன். எங்களுக்கு மெடிசினல் கெமிஸ்ட்ரி ஒரு பேப்பர். அதுக்குன்னு லைப்ரரியில இருந்த புக்கை அந்த வருஷம் முதன்முதலா திறந்தவன் நானாத்தான் இருப்பேன். அந்த ரெண்டு ஆன்டிபயாடிக்ல ஒண்ணு கிளாரித்ரோமைசின். விழுங்கின மாத்திரை ரத்தத்துல கலந்து, திரும்ப எச்சில் வழியா வாய்க்குள்ளேயே ஊறி வருது. ஒரு நாளைக்கு அரை லிட்டர்லேர்ந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் நமக்கு எச்சில் சுரக்கும். நான் துண்டால துடைக்கத் துடைக்க உள்ளேர்ந்து ஊத்து மாதிரி வந்துக்கிட்டே இருந்தா எப்படிப் போகும்?

இன்னொண்ணும் படிச்சேன். இனிப்பைக் கண்டுபிடிக்க நாக்குல முக்கியமா ஒரே ஒரு வகை ரிசெப்டார்தான். கசப்புக்கு மட்டும் சுமார் 25 வகை. காட்டுல விஷச் செடிங்க நிறைய கசக்கும் இல்லையா, அதனால நாக்கு கசப்புக்குன்னே ஒரு பெரிய வாட்ச்மேன் பட்டாளத்தை வச்சிருக்கு. உயிரைக் காப்பாத்தற மருந்தையும் அது திருடன்னுதான் நினைச்சுக் கத்தும்.

தியரி ஓகே. பிராக்டிக்கல்? ஹாஸ்டல்னா ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்களே! சூயிங் கம் போட்டேன். பத்து நிமிஷம் தாங்குச்சு. அப்புறம் புதினா வாசனையில துருப்பிடிச்ச ஆணி. மெஸ் அண்ணன் கல்கண்டு கொடுத்தார். அது கரையற வரைக்கும் சொர்க்கம், கரைஞ்சதும் பழைய நரகம். ஊறுகாய் நல்லா வேலை செஞ்சது, ஆனா வயித்துப் புண்ணுக்காரன் மிளகாய் ஊறுகாய் நக்கினா என்ன ஆகும்னு அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சு போச்சு. ஓமப்பொடி ஐடியாதான் அதுல டாப். "மாத்திரையப் பொடி பண்ணி தேன்ல கொழைச்சுச் சாப்புடு மாப்ள, எங்க ஊர்ல சின்னப் புள்ளைகளுக்கு அப்படித்தான் குடுப்பாய்ங்க" என்றான். செஞ்சேன். அந்தப் பொடி நாக்குல பட்ட விநாடி, மாத்திரை மேலே வழவழன்னு ஒரு கோட்டிங் ஏன் போடறாங்கன்னு எம்.எஸ்சி படிக்கிற எனக்குப் புரிஞ்சது. டாக்டரைக் கேட்காம எந்த மாத்திரையையும் பொடிக்கக்கூடாதுன்னு அப்புறம்தான் தெரியும்.

அஞ்சாவது நாள் ஆனபோது நான் வேற ஆளாயிட்டேன். சாப்பாட்டு நேரம் வந்தாலே எரிச்சல். ரெண்டு கிலோ இறங்கியிருந்தேன். யார் பேசினாலும் கடிச்சு வச்சேன். சும்மா 'வாய் கசப்பு'ன்னு சொல்லும்போது எவ்வளவு சின்ன விஷயமாத் தோணுது! அதை இருபத்து நாலு மணி நேரமும் வாயிலேயே வச்சுக்கிட்டு வாழ்ந்து பாருங்க. வலின்னா 'ஐயோ பாவம்'பாங்க. காய்ச்சல்னா நெத்தியைத் தொட்டுப் பார்ப்பாங்க. கசப்புக்கு யாரும் நெத்தியைத் தொடமாட்டாங்க.

ஆறாவது நாள் சனிக்கிழமை. கிளாஸ் பையன் ஒருத்தன் பர்த்டே ட்ரீட், பிரியாணி. வெள்ளிக்கிழமை ராத்திரி மூணு மாத்திரையையும் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வேளைதானே? போடலை. சனிக்கிழமை காலையிலும் போடலை. மத்தியானம் பிரியாணி முதல் வாய்... சொன்னா நம்பமாட்டீங்க, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பட்டை தனியா, கிராம்பு தனியா, நெய் தனியா எல்லாம் தெரிஞ்சது. மூணு பேர் சாப்பாட்டை நான் ஒருத்தனே சாப்பிட்டேன். அந்த ருசி ராத்திரியும் நாக்குல இருக்கட்டுமேன்னு ராத்திரி டோஸும் கட்.

அம்மா வழக்கம்போல ஒன்பது மணிக்கு போன் பண்ணினாங்க. "மாத்திரை போட்டியாப்பா?"

"போட்டேம்மா."

போனை வச்சுட்டு, போடாத மாத்திரைகளை எங்கே வைக்கிறதுன்னு பார்த்தேன். குப்பைத் தொட்டியில போட ஒரு மாதிரி இருந்தது. பழைய ஜாமெட்ரி பாக்ஸ் ஒண்ணு பேனா போட வச்சிருந்தேன். அதுக்குள்ளே போட்டேன். மூணு வேளை, மூணு மூணா ஒன்பது. ஏன்னே தெரியாம எண்ணிப் பார்த்தேன்.

எண்ணும்போதுதான் கை அப்படியே நின்னுடுச்சு. இதே மாதிரி நான் இதுக்கு முன்னாடி ஒரு தடவை எண்ணியிருக்கேன்.

எங்க ஊர் மானாமதுரைக்குப் பக்கத்துல. வீட்டுல அப்பா, அம்மா, நான், அப்பத்தா. அப்பத்தாவுக்கு அப்போ எழுபத்து நாலு வயசு. பத்து வருஷமா சுகர். எங்க தெருவுல எந்த வீட்டுல விசேஷம்னாலும் குழம்பு கொதிக்கும்போது "அந்த அம்மாவக் கூப்புடுங்க"ம்பாங்க. அப்பத்தா வந்து கரண்டியில இருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில விட்டு நக்கிப் பார்த்து, "புளி ஒரு எலுமிச்சங்கா அளவு கூட" என்று சொல்லும். அது சொன்னா அப்பீல் கிடையாது. அப்படிப்பட்ட நாக்கு.

2021-ல் அதுக்கு சுகர் மாத்திரை அளவைக் கூட்டினாங்க. அதுலேர்ந்து அப்பத்தா ஒரே பாட்டு: "வாயி ஒரு மாதிரி இருக்குய்யா. எட்டணாவ வாயில ஒதுக்கி வச்ச மாதிரி." நாங்க சிரிச்சோம். "வயசானா நாக்குச் செத்துப்போகும் அத்தை" என்றாள் அம்மா. "எட்டணாவ முழுங்கிறாத, செல்லாக்காசு" என்றேன் நான். பெரிய ஜோக்கு!

2022 மே மாசம் அப்பத்தா கால்ல கருவேல முள்ளு குத்துச்சு. எங்க பக்கம் கருவேல முள்ளு குத்தாத கால் கிடையாது. ஆனா சுகரால அப்பத்தாவுக்குக் கால் மரத்துப் போயிருந்தது, குத்தினதே தெரியலை. நாங்க பார்க்கும்போது சுண்டுவிரல் கறுத்திருந்தது. சுகரை அளந்தா எங்கேயோ போயிருந்தது. மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினோம். ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. "ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே" என்று டாக்டர் கேட்டதுக்கு, அப்பா அடிச்சுச் சொன்னார், "ஒரு வேளை தவறாமச் சாப்புடுறாங்க சார்" என்று.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மறுநாள், ஏதோ தேடும்போது அப்பத்தாவோட பழைய வெத்தலைப் பெட்டியைத் திறந்தேன். காய்ஞ்ச பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அதுக்கு அடியில ஒரு துணி முடிச்சு. அவிழ்த்தா மாத்திரை. அப்பத்தா கட்டிலுக்கு முன்னாடியே தரையில உட்கார்ந்து, சத்தமா, ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினேன். நாற்பத்தி ஒண்ணு.

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. "உனக்கென்ன கிறுக்கா? ரெண்டு வெரல் போச்சே, இப்ப நல்லாருக்கா?"

அப்பத்தா கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கிட்டு இருந்தது. "வாயி கசக்குதுய்யா... சோத்துல ருசியே இல்ல."

நான் சொன்னேன்: "ருசி பாக்குற வயசா இது?"

அப்பத்தா அதுக்குப் பதில் சொல்லலை. அன்னியிலேர்ந்து மாத்திரையை எங்க கண்ணு முன்னாடியே போட்டுக்கிச்சு. வாய் கசக்குதுன்னு ஒரு வார்த்தை அப்புறம் சொல்லலை. நாங்களும் 'அப்பாடா, அடம் விட்டுச்சு'ன்னு விட்டுட்டோம். ரெண்டு இட்லி ஒரு இட்லி ஆனதையும், யாராவது குழம்புக்குக் கூப்பிட்டா "எனக்குத் தெரியலத்தா, நீங்களே பாத்துக்கங்க"ன்னு சொல்லிடறதையும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தோம். கால் போன துக்கம்னு நினைச்சோம்.

ஹாஸ்டல் ரூமில் ஜாமெட்ரி பாக்ஸை மடியில வச்சுக்கிட்டு இருந்த எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் காதுல கேட்டுக்கிட்டே இருந்தது. எனக்கு இருபத்து ரெண்டு வயசு. பதினாலு நாள் கசப்பு. நான் அஞ்சாவது நாளே ஓடிட்டேன், அதுவும் ஒரு பிரியாணிக்காக. அப்பத்தாவுக்கு ரெண்டு வருஷம். எந்தத் தேதியில முடியும்னு சொல்ல ஒரு டாக்டர் சீட்டும் கிடையாது.

மறுபடி அந்தப் புக்கை எடுத்தேன். அப்பத்தா சாப்பிடற மாத்திரை மெட்ஃபார்மின். உலகம் முழுக்க சுகருக்கு முதல்ல எழுதற மருந்து, நல்ல மருந்து. ஆனா சிலருக்கு வாயில உலோக ருசி வரும்னு பக்கவிளைவுப் பட்டியல்லேயே போட்டிருந்தது. எட்டணா! நாங்க யாரும் ரசாயனம் படிக்காத ஒரு கிழவி சொன்னதைக் கேட்கலை. அந்த வீட்டுலேயே கெமிஸ்ட்ரி டிகிரி வாங்கப்போறவன் ஒருத்தன் இருந்தும் கேட்கலை.

அப்புறம்தான் கவனிச்சேன், இந்த ஊர்வலம் பெரிசு. வயித்துப்போக்குக்குக் கொடுக்கற மெட்ரோனிடசோல், சில தூக்க மாத்திரைங்க, சில பிரஷர் மாத்திரைங்க, எல்லாத்துலேயும் இந்தத் தொல்லை உண்டு. கோவிட்டுக்கு பாக்ஸ்லோவிட் சாப்பிட்டவங்க பட்ட பாட்டுல, அமெரிக்காவுல அந்தக் கசப்புக்கு 'பாக்ஸ்லோவிட் வாய்'னு தனிப் பேரே வச்சுட்டாங்க.

திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்கலை. ஞாயித்துக்கிழமை காலையிலேயே டாக்டருக்கு போன் போட்டு உண்மையைச் சொல்லிட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். கொஞ்சம் திட்டினார். "இந்தக் கிருமி பாதி அடி வாங்கித் தப்பிச்சா அடுத்த தடவ இந்த மருந்துக்கு அடங்காது. அப்புறம் வேற மருந்து, அது இன்னும் படுத்தும். விட்டதையெல்லாம் மொத்தமாச் சேத்துப் போடாத. இப்பவே ஆரம்பி, மிச்சம் இருக்கிறது மொத்தத்தையும் முடி." அப்புறம் குரல் மாறுச்சு. "சொன்னியே, அதுவே பெரிசு. நெறையப் பேரு சொல்றதே இல்ல. மாத்திரை தீந்துருச்சும்பாங்க, அவ்வளவுதான்."

கசப்புக்கும் வழி சொன்னார். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் ஆப்பசோடா கலந்து சாப்பாட்டுக்கு முன்னாடி வாய் கொப்பளிக்கணும், முழுங்கக்கூடாது. நாக்கை வழிக்கணும். சூடான சாப்பாட்டை விட ஆறினது தேவலாம். எச்சில் நல்லா ஊறற மாதிரி ஏதாவது ஒதுக்கிக்கலாம். "போகாது, கொறையும்" என்றார். அவர் 'கொஞ்சம்'னு சொல்லாததால அந்த வார்த்தையை நம்பினேன்.

அடுத்த போன் ஊருக்கு. "அப்பத்தாகிட்ட குடும்மா."

"என்னய்யா, வயித்து வலி எப்படியிருக்கு?"

"வலி பரவால்ல அப்பத்தா. வாயிதான் கசக்குது. எட்டணாவ ஒதுக்கி வச்ச மாதிரி."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பத்தா சிரிச்சது. எத்தனையோ மாசம் கழிச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். "ஒனக்கும் வந்துருச்சா? ராத்திரி முழிப்புத் தட்டும்போது ரொம்பக் கசக்குமே?"

"ஆமா அப்பத்தா!"

"தண்ணியே கசக்குமே?"

"ஆமா!"

ஒரே காலேஜ்ல ஒரே பேப்பர்ல அரியர் வச்ச ரெண்டு பேர் மாதிரி பேசினோம். அப்பத்தா டிப்ஸ் மேல டிப்ஸா அள்ளி விட்டுச்சு. எவர்சில்வர் டம்ளர்ல குடிக்காதே, பித்தளையும் வேணாம், மண்பானைத் தண்ணிதான் சரி. ஸ்பூன் தொடாதே, கையால சாப்பிடு. சூடான குழம்பு கசக்கும், பழைய சோறு கசக்காது. தயிர் இருந்தா ஒரு கை கூட இறங்கும். சாப்பாட்டுக்கு முன்னாடி உப்பு நாரத்தங்காய் ஒரு கிள்ளு நாக்குல வச்சுக்கோ. டாக்டர் அஞ்சு நிமிஷம் முன்னாடி சொன்னதுல முக்கால்வாசி அதுல இருந்தது. ரெண்டு வருஷம் யார்கிட்டேயும் சொல்லாம, தன் நாக்கு மேலேயே டெஸ்ட் பண்ணிப் பண்ணிக் கண்டுபிடிச்சு வச்சிருக்கு. (பிரஷருக்கு உப்பு ஆகாதுன்னு வீட்டுல நாரத்தங்காய்க்குத் தடை. அதையும் எங்கேயோ ஒளிச்சுத்தான் வச்சிருந்திருக்கு. அந்தக் கேஸை நான் கிளறலை.)

கடைசியா எச்சிலை முழுங்கிக்கிட்டுச் சொன்னேன். "அப்பத்தா... அன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன்ல..."

"என்னைக்கு?"

"வெத்தலைப் பெட்டியத் தொறந்தப்ப."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அப்புறம், "இன்னைக்கு மாத்திரையப் போட்டியா?" என்றது.

"இனிமேத்தான் அப்பத்தா."

"மொதல்ல போடு. போட்டுட்டுப் பேசு."

மிச்ச நாளை ஓட்டிட்டேன். சுகமா ஓட்டினேன்னு பொய் சொல்லமாட்டேன். ஓமப்பொடி பாய்ஸ் ஹாஸ்டல் வரலாற்றுலேயே முதல் முறையா ஒரு மண்பானை வாங்கிட்டு வந்து ரூம் மூலையில வச்சான். ஜன்னல்ல ஆப்பசோடா டப்பாவைப் பார்த்துட்டு வார்டன் "ரூம்லயே பஜ்ஜி போடுறீங்களாடா?"ன்னு விசாரணை வச்சார். கடைசி மாத்திரை போட்ட மூணாவது நாள் காலையில மெஸ் காபி மறுபடி வெறும் மெஸ் காபியா இருந்தது. நாலு வாரம் தாண்டி எடுத்த டெஸ்ட்ல கிருமி இல்லை. மூணு வேளை விட்டதுக்கு இது என் அதிர்ஷ்டம்தான்.

நடுவுல ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பத்தாவை நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அப்பத்தா வழக்கம்போல "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஆரம்பிச்சது. நான் விடலை. எட்டணா கதையை முதல்லேர்ந்து சொன்னேன். அந்த அம்மா கவனமாக் கேட்டாங்க. "இத ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"ன்னு அப்பத்தாவைக் கேட்டாங்க. அப்பத்தா என்னைப் பார்க்கலை. சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்தது. அதுக்கு என்னைப் பார்த்திருக்கலாம்.

அதே மருந்துல மெதுவாக் கரையற வகையை ராத்திரி சாப்பாட்டோட போடச் சொல்லி மாத்தி எழுதினாங்க. அந்த மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிட்டா சிலருக்கு வைட்டமின் பி12 குறையுமாம், அதனாலேயும் நாக்கு எரியுமாம். டெஸ்ட் எடுத்தா அதுவும் குறைவு. ஊசி போட்டாங்க. ஒரே வாரத்துல எல்லாம் சரியாப் போச்சுன்னு சினிமா மாதிரி நடக்கலை. ஒன்றரை மாசம் கழிச்சு அம்மா போன்ல சொன்னாள்: "ஒங்க அப்பத்தா இன்னைக்கு எம் புளிக்கொழம்பக் கொற சொன்னாங்கடா." குறை சொன்னதை இவ்வளவு சந்தோஷமா யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மறுநாள் வீடு நிறைய ஆள். அடுப்புல பெரிய சட்டியில கருவாட்டுக் குழம்பு கொதிச்சுக்கிட்டு இருந்தது. அம்மா கரண்டியோட திரும்பி, "அத்தை, இங்க வாங்க" என்றாள். அப்பத்தா கம்பை ஊன்றி, விரல் இல்லாத காலை மெதுவா எடுத்து வச்சு வந்தது. உள்ளங்கையில ஒரு சொட்டு. கண்ணை மூடி நக்கிப் பார்த்துச்சு. ஒண்ணும் சொல்லலை. கரண்டியை வாங்கி இன்னொரு சொட்டு எடுத்து, ஊதி ஆறவச்சு, என் கையைப் பிடிச்சு இழுத்து என் உள்ளங்கையில விட்டுச்சு.

"நீ சொல்லுய்யா."

நக்கிப் பார்த்தேன்.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு அப்பத்தா."

"ம்" என்றது அப்பத்தா. "கொஞ்சம் இல்ல. ஒரு எலுமிச்சங்கா அளவு."